செருப்புக்குள் ஓர் அஸ்திவாரம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன்மார்கள் மேம்பாலத்தைப் பற்றியும் மின்நிலையத்தைப் பற்றியும் பேசினார்கள். நான் செருப்புக்குள்ளே வைக்கிற அட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டதும் சங்கச் செயலாளர் போனில் சிரித்தார். "ஏம்ப்பா, மெக்கானிக்கல் படிச்சிட்டு இதுவா?" என்றார். இதுதான் என்றேன். ராணிப்பேட்டைப் பக்கம் ஷூவுக்கு அடிப்பாகம் வார்க்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. பத்துப் பன்னிரண்டு வருடமாக ரப்பரும் ஃபோமும்தான் என் பிழைப்பு.

இந்த வேலையில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

முதலாவது, குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி குத்தினாற்போல் இருக்கிறது, பத்து அடி நடந்தால் குறைகிறது என்பார்கள். குதிகாலிலிருந்து விரல் அடி வரை ஓடும் ஒரு தடித்த நார்ப்பட்டை புண்படுவதால் வரும் வலி இது. இதற்கு அளவெடுத்துச் செய்த இன்சோல் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறது. ஆஸ்திரேலியாவில் மூன்று குழுக்களாகப் பிரித்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவுக்கு அளவெடுத்துச் செய்தது, ஒரு குழுவுக்குக் கடையில் கிடைக்கும் ரெடிமேட், இன்னொரு குழுவுக்கு ஒப்புக்கு ஒரு மெல்லிய ஃபோம். 2006-ல் முடிவு வெளிவந்தது. மூன்றாவது மாதத்தில் முதல் இரண்டு குழுவுக்கும் கொஞ்சம் அனுகூலம் இருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அளவெடுத்ததும் ரெடிமேடும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே சாதாரணக் குதிகால் வலிக்கு முதலில் ரெடிமேட் ஒன்றை வாங்கிப் பாருங்கள், கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் பாதத்தைச் சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டி உடனே பணம் கட்டச் சொல்லும் முகாம்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நிற்கும்போது எடுத்த வண்ணப்படம் நடக்கும்போது நடப்பதைச் சொல்லாது.

இரண்டாவது, தட்டைப் பாதம். "பையனுக்குப் பாதம் தட்டையா இருக்கு, ஷூவுக்குள்ள ஏதாவது வெச்சா வளைவு வருமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். ராணுவத் தேர்வில் நிராகரித்துவிடுவார்களே என்ற பயம் வேறு. பையனை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு எழும்பி, வலியும் இல்லையென்றால் பெரும்பாலும் அது நோயே அல்ல. இன்சோல் வலியைக் குறைக்கலாம், ஆனால் நிரந்தர வளைவை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நம் நாட்டு மருத்துவர்கள் ராவ், ஜோசப் இருவரும் 2300 குழந்தைகளின் காலடி அச்சை எடுத்து ஆராய்ந்து 1992-ல் வெளியிட்டார்கள். காலணி போட்டு வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். செருப்புத் தொழிலில் இருக்கிறவனே இதைச் சொல்கிறேன், நம்புங்கள்.

வலி உள்ள காலுக்கு இன்சோல் ஒரு வசதி. வலி தெரியாத காலுக்கு அதுவே அந்தக் காலைக் காப்பாற்றும் பொருள். நான் பேச வந்தது இந்த இரண்டாவது காலைப் பற்றி.

சிவில் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தூணின் பாரம் மண்ணில் நேராக இறங்கினால் மண் அமுங்கும். அதனால் கீழே அகலமாக ஒரு 'ஃபூட்டிங்' போடுகிறோம். அந்த ஆங்கில வார்த்தையே பாதத்திலிருந்து வந்ததுதான். பாரம் மாறவில்லை, பரப்பு கூடியது, அழுத்தம் குறைந்தது. மனிதன் விஷயத்திலும் அதே கணக்குதான். 60 கிலோ எடையுள்ளவர் இரண்டு காலிலும் சமமாக நிற்கும்போது உள்ளங்காலில் சராசரி அழுத்தம் 30 கிலோ பாஸ்கல் அளவில் இருக்கும். அவரே நடக்கும்போது, பின்காலை ஊன்றித் தள்ளும் அந்தக் கணத்தில், உடல் எடையைவிடச் சற்றுக் கூடுதலான விசை விரல்களுக்குப் பின்னால் உள்ள கொஞ்ச இடத்தில் இறங்குகிறது. 25 சதுர செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால் 250 கிலோ பாஸ்கலைத் தாண்டிவிடும். அங்கே ஐந்து எலும்புகளின் முனைகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று மட்டும் கீழே துருத்திக்கொண்டிருந்தால் அந்த ஒரு புள்ளியில் இன்னும் எகிறும். ஆபத்துள்ள பாதத்துக்குக் காலணிக்குள் இந்த உச்ச அழுத்தம் 200 கிலோ பாஸ்கலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது இன்று சர்வதேச வழிகாட்டு நெறி. சதுர செ.மீ.க்குச் சுமார் 2 கிலோ.

நமக்கெல்லாம் இது ஏன் பிரச்சினையாவதில்லை? வலிக்கிறது, அதனால் நம்மையறியாமல் காலை மாற்றி ஊன்றுகிறோம், நொண்டுகிறோம், உட்கார்ந்துவிடுகிறோம். நரம்பு மரத்துப்போனவர் அதே புள்ளியிலேயே ஊன்றி மேலும் நாலு கிலோமீட்டர் நடப்பார்.

இதைக் கண்டுபிடித்த கதை நம் ஊருக்குப் பக்கத்தில் நடந்தது. டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்து அறுவை நிபுணராகி 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். வந்த புதிதில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அழைப்பின் பேரில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். 1955-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்ட, திருமணியில் உள்ள அதே நிறுவனம். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையை நீட்டினார். அவர் பிடித்த பிடியில் டாக்டருக்கே வலித்தது. இவ்வளவு பலம் இருக்கிற கை எப்படிச் செத்த கையாகும் என்ற கேள்வி அன்று பிறந்தது. தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்றுதான் அதுவரை பலரும் நம்பினார்கள். இன்னொரு நாள், தான் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் சட்டென்று திருகித் திறந்ததைப் பார்த்தார். பையனின் விரலைப் பார்த்தால் எலும்பு தெரியும்வரை கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. நோய் நரம்பைத்தான் கொல்கிறது, மிச்சத்தை அன்றாட வேலையே செய்துவிடுகிறது என்று புரிந்துகொண்டார்.

பிறகு அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனைக்குப் போய் எலிகளின் பாதத்தில் ஒரு சோதனை செய்தார். ஒரு தடவை அழுத்தினால் ஒன்றுமே ஆகாத மிதமான அழுத்தம். அதையே ஒரு நாளைக்கு 10,000 தடவை கொடுத்தபோது சில நாட்களில் தோல் வீங்கிப் புண்ணாகிவிட்டது. மெக்கானிக்கல் மாணவர்களே, இதற்கு நம் பாடத்தில் 'ஃபெட்டீக்' என்று பெயர். இரும்புக்கம்பி அப்படித்தான் முறிகிறது.

வேலூரிலும், 1955-ல் தொடங்கிய கரிகிரி ஆராய்ச்சி மையத்திலும் இதற்கு மருந்தாக வந்தது ஒரு ரப்பர். எம்.சி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லும் மைக்ரோசெல்லுலர் ரப்பர். உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்தது. ஷோர் ஏ அளவில் கடினம் சுமார் 15. பாதத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அமுங்கி, கால் எடுத்ததும் எழும்பிவிடும். அதன் கீழே டயர் ரப்பர் போல ஒரு கெட்டியான அடி வேண்டும். மேலே மெத்தை, கீழே கெட்டி. மெத்தை மட்டும் இருந்தால் கல்லும் முள்ளும் மேலே வந்துவிடும். கெட்டி மட்டும் இருந்தால் எலும்பு முனை தாங்காது. ஆணி அடிக்கக்கூடாது, ஒட்டித் தைக்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் வார் வேண்டும், இல்லாவிட்டால் செருப்பு கழலாமல் இருக்க விரல்கள் இறுக்கிப் பிடிக்கும். விரலிடுக்கில் வார் வரும் ரப்பர் செருப்பு கூடவே கூடாது. இவ்வளவு எளிய பொருளில் எத்தனை யோசனை பாருங்கள்!

ஆனால் அந்தக் காலத்தில் பலர் அதைப் போட மறுத்தார்கள். காலில் அந்தச் செருப்பைப் பார்த்தாலே 'இன்ன வியாதிக்காரர்' என்று தெருவுக்கே தெரிந்துவிடுமே. இன்றைக்கு ராஜவீதியில் கடைக்குக் கடை 'எம்.சி.ஆர். டாக்டர் செப்பல்' என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். கட்டைவிரலால் மேலே அழுத்திப் பாருங்கள், அமுங்கி எழும்ப வேண்டும். செருப்பை இரண்டு கையாலும் மடக்கிப் பாருங்கள், சுலபமாக மடங்கக்கூடாது. பெயர்ப்பலகையை நம்பி வாங்காதீர்கள்.

தொழுநோய் குறைந்தது. அந்த இடத்தில் சர்க்கரை நோய் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்ன கணக்கு: நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாமல் போனால் பாத நரம்பு மரக்கிறது. அதே மரத்த கால், அதே புண். சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒரு தடவை பாதப்புண் வருகிறது. ஆறிய புண் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருவது சுமார் 40 சதவீதம் பேருக்கு. விரலோ காலோ எடுக்கவேண்டி வருவது பெரும்பாலும் இப்படி ஒரு சின்னப் புண்ணில் ஆரம்பித்துத்தான்.

சென்னை ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையும் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்து 2004-ல் வெளியிட்டன. ஏற்கெனவே புண் வந்து ஆறிய 241 பேர். ஒரு பகுதியினருக்கு எம்.சி.ஆர்., சிலருக்குப் பாலியூரித்தேன் ஃபோம், சிலருக்குப் பாதத்தை அச்செடுத்து வார்த்த இன்சோல். மீதிப் பேர் தங்கள் வழக்கமான செருப்பையே போட்டார்கள். ஒன்பது மாதத்தில் வழக்கமான செருப்புக் குழுவில் 33 சதவீதம் பேருக்குப் புதிய புண். சிகிச்சைக் காலணி போட்டவர்களில் 4 சதவீதம். இன்சோலில் ஒன்றுமில்லை என்று குதிகால் வலிக்குச் சொன்னவன், இங்கே அடித்துச் சொல்வேன்: இருக்கிறது.

இப்போது ஒரு சிக்கல். நெதர்லாந்தில் 171 நோயாளிகளுக்கு, காலணிக்குள் அழுத்தத்தை அளந்து அளந்து திருத்திய காலணி ஒரு குழுவுக்கும், சாதாரணமாகச் செய்த மருத்துவக் காலணி இன்னொரு குழுவுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் வந்த முடிவு: 18 மாதத்தில் இரண்டு குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் நடந்த அடிகளில் 80 சதவீதத்துக்கு மேல் காலணி போட்டிருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, புண் திரும்பியது திருத்திய காலணிக்காரர்களில் 25.7 சதவீதம், மற்றவர்களில் 47.8 சதவீதம். அதாவது, காலில் இருந்தால் வேலை செய்கிறது. அதே ஆராய்ச்சியில் காலணிக்குள் கருவி வைத்து எப்போது போடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். வெளியே போகும்போது 87 சதவீத அடிகளில் போட்டிருந்தார்கள். வீட்டில் 61 சதவீதம்தான். வேடிக்கை என்னவென்றால், ஒரு நாளில் வீட்டுக்குள் நடந்த அடிகளே வெளியே நடந்ததைவிட அதிகம்.

நெதர்லாந்திலேயே இந்தக் கதி என்றால் காஞ்சிபுரத்தில்?

நம் ஊரில் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. வீடு, பூஜை அறை, தறி, கோயில், எல்லா இடத்திலும் வெறுங்கால். என் தாய்மாமா பிள்ளையார்பாளையத்தில் தறி ஓட்டுகிறவர். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. நானே எம்.சி.ஆர். செருப்பு செய்து கொடுத்தேன். போய்ப் பார்த்தால் அலமாரியில் கவர் பிரிக்காத குறையாக இருக்கிறது. "என்ன மாமா?" என்றால், "நல்ல செருப்புடா, வெளியில போவும்போது போட்டுக்கறேன். தறியில உக்காரச் சொல்ல எதுக்குடா செருப்பு?" என்றார். வெளியில் அவர் போவது ஒரு நாளைக்கு டீக்கடை வரை. மீதி எட்டு மணி நேரமும் தறிக்குழிக்குள் மிதிக்கட்டையில் கால். 2021-ல் வலது காலில் இரண்டாம் விரலை எடுத்துவிட்டார்கள். மிதிக்கட்டை படும் இடத்தில் தடித்த தோலுக்கு அடியில் புண் வைத்திருந்தது. குழியில் வெளிச்சம் கிடையாது, வலியும் கிடையாது. பாவில் ரத்தக் கறை பட்ட பிறகுதான் மாமிக்கே தெரிந்தது.

தறியில் கால் படும் பாடு நடையில் படும் பாடு அல்ல. உட்கார்ந்திருப்பதால் உடல் எடை இறங்குவதில்லை. ஆனால் கட்டை ஒல்லியானது, ஓரம் கூர்மையானது, படுவது ஒரே இடம், திரும்பத் திரும்ப. பிராண்டின் எலிச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். இன்சோல் காலோடு வர முடியாத இடம் என்றால், கட்டைக்கே இன்சோல் போடலாமே என்று தோன்றியது. மிதிக்கட்டையின் மேல் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பலகையை வைத்து, ஓரத்தை உருட்டித் தேய்த்து, மேலே எம்.சி.ஆர். ஷீட் ஒட்டினேன். முதலில் 12 மி.மீ. போட்டபோது மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "எந்தக் கட்டையை மிதிக்கறேன்னே தெரியலடா" என்றார். நியாயம்தான். நெசவாளிக்குக் காலும் ஒரு கண். 6 மி.மீ. ஆக்கி, இரண்டு கட்டைக்கு நடுவே சின்னத் தடுப்பு வைத்தோம். குழிக்குள் ஒரு சிறிய பல்பு, சுவரில் உள்ளங்கால் தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி. எட்டு மாதமாகிறது, அந்த இடத்தில் தோல் தடிக்கவில்லை. ஒரு தறியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதனால்தான் உங்களிடம் வந்து சொல்கிறேன்.

வீட்டுக்குள் போடத் தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் தகராறு இல்லை. அது தெருவையே மிதிக்காத செருப்பு என்று பாட்டிக்குச் சொல்லிப் புரியவைத்தால் ஒத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்தது.

கோயில்தான் கடினம். செருப்பு போட்டுக்கொண்டு உள்ளே போகச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் வெயில் நேரத்துக் கருங்கல் என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 44 டிகிரிச் சூட்டில் தோல் வெந்துபோக மணிக்கணக்காகும். 60 டிகிரியில் சில நொடிகள் போதும். உணர்வுள்ளவர் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடிவிடுவார். மரத்த காலோடு இருப்பவர் நிதானமாகப் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்ப்பார். 2019-ல் ஜூலை 1 முதல் 48 நாட்கள் அத்திவரதரைப் பார்க்க வந்த கூட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வரிசைகளில் எத்தனை சர்க்கரைக் கால்கள் மணிக்கணக்காக நின்றிருக்கும்! சர்க்கரை உள்ளவர்கள் ஏகாம்பரநாதரையும் வரதரையும் காலையில் வெயில் ஏறுமுன் அல்லது மாலையில் தரிசிக்கலாம். கெட்டியான பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம். தென்னைநார் விரிப்பும் வெள்ளைப் பெயின்ட் பூசிய பாதையும் இருந்தால் அதைவிட்டு விலகாமல் நடக்கலாம். வீடு வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்குக் கால் மரத்திருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. பட்டு இழையில்லை, நைலான் இழை. 10 கிராம் விசையில் வளையும்படி செய்தது. உள்ளங்காலில் சில இடங்களில் அது வளையும்வரை தொடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு 'தொட்டாச்சு' என்று சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் அந்தக் காலுக்கு இன்றே காவல் வேண்டும். இரண்டு நிமிட வேலை. சர்க்கரைக்காக டாக்டரைப் பார்க்கப் போகும்போது வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்டு வாங்குங்கள்.

இன்சோல் வாங்கியவர்களுக்கு இன்னொன்று. ரப்பர் நாளாவட்டத்தில் அமுங்கிச் செத்துவிடும். மேலே துணி புதிதாகத் தெரியும், உள்ளே அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். சில மாதத்துக்கு ஒரு முறை எடுத்து அழுத்திப் பாருங்கள். எழும்பவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். காலில் ஏற்கெனவே புண் இருக்கிறவர் இன்சோலை நம்பி நடக்கக்கூடாது. முதலில் மருத்துவர் புண்ணை ஆற்ற வேண்டும்.

கடைசியாக, இறுதியாண்டு மாணவர்களுக்கு. ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறீர்கள் என்று துறைத்தலைவர் சொன்னார். மிதிக்கட்டையில் கால் எத்தனை தடவை படுகிறது, எவ்வளவு அழுத்தம், எந்த இடத்தில்? நான் தேடியவரை நம் காஞ்சித் தறிக்கு இந்த அளவீடு கண்ணில் படவில்லை. மெல்லிய அழுத்த உணரிகள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு தறியில் ஒரு வாரம் அளந்தால் போதும், கட்டையின் அகலம் எவ்வளவு, ரப்பர் எத்தனை மி.மீ. என்று ஊகிக்காமல் சொல்லலாம். ரப்பர் ஷீட்டும் பசையும் என் பொறுப்பு. மாமாவிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவேண்டாம் என்றார்.